தொண்டையில் நின்ற சோறு

குபேர் அங்காடி என்று ஏட்டிலும், பெரிய மார்க்கெட் என்று புதுச்சேரி மக்கள் நாவிலும் வழங்கும் சந்தையில் வெற்றிலை விற்ற முதியவர் ஒருவரை நான் அறிவேன். சோறு தொண்டையில் நிற்கிறது என்றார். பின்னர்க் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டார். “வயதாகிவிட்டது, ஐயா” என்று பல மாதங்களைக் கழித்தார். தண்ணீரும் இறங்காத நாளில்தான் மருத்துவரிடம் சென்றார். புற்று முற்றியிருந்தது.

உதவி தொலைவில் இருந்ததா? இல்லை. இந்நகரில் 1823ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு ஆட்சியினர் மருத்துவப் பள்ளி நிறுவினர். அதன் வழிவந்ததே 1956இல் தோன்றிய தன்வந்திரி மருத்துவக் கல்லூரி. அது 1964இல் ஜிப்மர் என்னும் பெயர் பெற்றுக் கோரிமேட்டில் இயங்கி வருகிறது.

அப்பள்ளி தோன்றிய காலத்தில், உயிருள்ளவரின் உணவுக்குழாயினுள் நோக்க மருத்துவரிடம் கருவி இல்லை. 1868இல் ஜெர்மானிய மருத்துவர் குஸ்மால், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் தொண்டை வழியே நேரான குழாயைச் செலுத்தி இரைப்பையை நோக்கினார், ஒளி போதவில்லை. 1957இல் அமெரிக்காவில் ஹிர்ஷோவிட்ஸ், கண்ணாடி இழைகளால் ஆன வளையும் கருவியை அறிமுகம் செய்தார். அதன் பின்னர் இச்சோதனை எளிதாயிற்று.

ஆயினும் நோயாளி வந்தாலன்றோ கருவி பயன்படும்? உணவு நெஞ்சில் தடைபடுதல், தண்ணீர் குடித்தால் இருமல், உண்டபின் குரல் கரகரத்தல், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவை அறிகுறிகள். புற்று மட்டுமன்று, பக்கவாதமும் நரம்பு நோய்களும் இவற்றை உண்டாக்கும். உணவு மூச்சுக்குழலில் புகுந்தால் நுரையீரலில் சளிக்காய்ச்சல் காணும். காலத்தே அறிந்தால் பலவற்றுக்கும் சிகிச்சை உண்டு.

இன்றிரவு உங்கள் பாட்டனார் உண்ணும்போது அருகில் அமருங்கள். அவர் கஞ்சிக்கு மாறியிருந்தால், ஏன் என்று கேளுங்கள்.