தேக்கின் பின்னால் நான்கு நாள்

எங்கள் சித்தப்பாவுக்கு மரவேலை என்றால் பைத்தியம். தொழில் அல்ல, பொழுதுபோக்குதான். மொட்டை மாடியில் ஒரு ஷெட், அதில் உளி, இழைப்புளி, ரம்பம் என்று ஒரு சின்னப் பட்டறையே வைத்திருக்கிறார். "நாலு நாள் கார்ல எங்கயாவது போகணும்டா. பார்க்க அழகா இருக்கணும், மரமும் இருக்கணும். நீயே ரூட் போடு" என்று என்னிடம் சொல்லிவிட்டார். பி.காம். படிக்கிறவனிடம் கேட்டால் கணக்கோடுதான் ரூட் வரும் :-)

இப்படிக் கேட்டால் எல்லோரும் சொல்வது இரண்டு இடங்கள். ஒன்று, பர்மா தேக்குத் தூண்கள் நிற்கும் செட்டிநாட்டு வீடுகள். இன்னொன்று, கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள பத்மநாபபுரம் அரண்மனை. இரண்டுமே அருமையான இடங்கள்தான். ஆனால் அங்கே பார்ப்பது முடிந்துபோன வேலை. நான் வேறு மாதிரி யோசித்தேன். ஒரு தேக்குமரம் காட்டிலிருந்து இறங்கி, ஆற்றில் மிதந்து, மரவாடிக்கு வந்து, கப்பலாகிக் கடலுக்குப் போகும் வரை அதன் பின்னாலேயே போனால் என்ன? அந்தப் பாதை கோவைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பொள்ளாச்சி, டாப்ஸ்லிப், பரம்பிக்குளம், பாலக்காடு, நிலம்பூர், கல்லாயி, பேப்பூர். மலையில் ஆரம்பித்து அரபிக்கடலில் முடியும் வழி.

வழி போடுவதற்காகப் படிக்க ஆரம்பித்தது, கடைசியில் ஒரு சரித்திரக் கட்டுரையாகிவிட்டது. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கப்பலில் தொடங்கிய கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து நெப்போலியனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. போர்க்கப்பல் கட்ட அவர்களிடம் ஓக் மரம் போதவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைத் தேக்கின் மேல் கண் விழுந்தது. 1806-ல் கிழக்கிந்தியக் கம்பெனி, வாட்சன் என்ற கேப்டனை மலபார், திருவிதாங்கூர் பகுதிக்கு வனப் பாதுகாவலராக நியமித்தது. பெயர்தான் பாதுகாவலர். தேக்கு வெட்டுவதையும் விற்பதையும் கம்பெனியின் கையில் வைத்திருப்பதே அவர் வேலை. ஊர்க்காரர்களும் வியாபாரிகளும் போட்ட கூச்சலில் 1823-ல் அந்த ஏகபோகம் முடிவுக்கு வந்தது. அதை எடுத்தவர் அப்போது சென்னை கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ. நம் அண்ணா சாலையில் சேணம் இல்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான்.

மலபார் தேக்கு பம்பாய்க்குப் போய், வாடியா குடும்பத்துப் பார்சித் தச்சர்களின் கையில் கப்பலானது. 1817-ல் அப்படிக் கட்டிய ஒரு கப்பலின் பெயர் எச்.எம்.எஸ். டிரிங்கோமலி. ஆமாம், நம் திருகோணமலையின் பெயர்தான். இருநூறு வருஷம் தாண்டியும் அது இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் மிதந்துகொண்டிருக்கிறது. தேக்கில் இருக்கும் எண்ணெய்ப் பசை பூச்சியையும் ஈரத்தையும் தாங்கும். மரவேலை செய்கிறவர்களுக்கு இது தெரியும். அதே மரத்தில் இருக்கும் சிலிக்கா உளியின் முனையை மழுக்கிவிடும் என்பதும் தெரியும்!

கப்பலுக்கு அடுத்தது ரயில். 1856-ல் ராயபுரத்திலிருந்து முதல் வண்டி ஓடியது. தண்டவாளத்துக்கு அடியில் ஸ்லீப்பர் கட்டை வேண்டும். கெஜத்துக்கு ஒன்று என்று வைத்தாலே மைலுக்கு 1,760 கட்டை. சில வருஷத்தில் அது மக்கிப்போகும், மறுபடியும் மாற்ற வேண்டும். காடு எப்படித் தாங்கும்?

முதல் நாள்: டாப்ஸ்லிப்

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர், சேத்துமடை வழியாகப் போனால் மலை ஏற்றம் தொடங்குகிறது. தென்னந்தோப்பு முடிந்து காடு ஆரம்பிக்கும் இடம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். பொள்ளாச்சியிலிருந்து மொத்தம் ஏறத்தாழ 37 கி.மீ.

டாப்ஸ்லிப் என்ற பெயரே ஒரு தொழிற்பெயர். மேலே வெட்டிய மரங்களை இங்கிருந்துதான் சரிவில் உருட்டிச் சமவெளிக்குத் தள்ளினார்கள். 1848-லிருந்தே ஆனைமலைத் தேக்கு முறையாக வெட்டப்பட்டது. மரங்களை இழுத்து வந்தவை யானைகள். அவற்றைப் பழக்கியவர்கள் மலசர்கள். டாப்ஸ்லிப்புக்குப் பக்கத்தில் கோழிகமுத்தி யானை முகாம் இருக்கிறது. அங்கே போனால் யானை குளிப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், இந்த யானைகளின் முன்னோர்கள் சுமந்தது என்ன என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் ஹியூகோ உட் என்ற வன அதிகாரியின் கல்லறையும் இருக்கிறது. 1910களில் இங்கே வந்தவர். வெட்டி வெட்டி வழுக்கையாகிக் கிடந்த மலையில் மறுபடியும் தேக்கு வளர வழி செய்தார். பாக்கெட் நிறையத் தேக்கு விதையோடு நடப்பார், கைத்தடியால் மண்ணில் குத்தி விதையைப் போட்டுக்கொண்டே போவார் என்று சொல்கிறார்கள். 1933-ல் இறந்தபோது அவர் விருப்பப்படி இந்தக் காட்டிலேயே அடக்கம் செய்தார்கள். 'என் நினைவுச்சின்னத்தைத் தேடினால் சுற்றிலும் பார்' என்ற பொருளில் லத்தீனில் ஒரு வாசகம் கல்லறையில் இருக்கிறது. சுற்றிலும் பார்த்தால் தேக்குமரங்கள்.

இரண்டாம் நாள்: பரம்பிக்குளம்

பரம்பிக்குளம் கேரளாவில் இருக்கிறது. ஆனால் சாலை வழியாகப் போக வேண்டுமானால் தமிழ்நாட்டுக்குள் வந்து, டாப்ஸ்லிப் தாண்டித்தான் போக வேண்டும்! ஒரு காலத்தில் அந்தப் பக்கமிருந்தே ஒரு வழி இருந்தது. மரம் இறக்குவதற்காகவே கொச்சி சமஸ்தானம் சாலக்குடியிலிருந்து மலைக்குள் ஏறத்தாழ 80 கி.மீ. தூரத்துக்கு ஒரு டிராம் பாதை போட்டது. 1907-லிருந்து 1963 வரை ஓடியது. இப்போது காட்டுக்குள் அதன் மிச்சங்கள்தான் இருக்கின்றன.

இங்கே பார்க்க வேண்டியது கன்னிமாரா தேக்கு. சுற்றளவு ஏறத்தாழ 7 மீட்டர். நான்கைந்து பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். இதை வெட்டப் போனபோது மரத்திலிருந்து ரத்தம் வந்தது என்பது பழங்குடி மக்கள் சொல்லும் கதை. அன்றிலிருந்து அதைக் கன்னியாக வணங்குகிறார்கள். கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். கப்பல், ரயில், டிராம் எல்லாம் வந்து போன காட்டில் இந்த ஒரு மரம் தப்பி நிற்பது கண்முன்னே தெரிகிறது. எந்தச் சட்டம் வருவதற்கும் முன்னாலிருந்தே அதைக் காத்து வந்தவை ஒரு கதையும் அதைச் சொன்ன மக்களும்தான். 1882-ல் சென்னை வனச் சட்டம் வந்தபோது, இப்படிப்பட்ட மலைவாழ் மக்களின் உரிமைகளைத்தான் அது முதலில் சுருக்கியது.

மூன்றாம் நாள்: நிலம்பூர்

திரும்ப இறங்கி பொள்ளாச்சி, பாலக்காடு, மண்ணார்க்காடு, பெரிந்தல்மண்ணா வழியாக நிலம்பூர். பாலக்காட்டுக் கணவாயின் காற்றும் வயல்களும் வழியெல்லாம் கூடவே வரும். அன்று பெரும்பாலும் காரோட்டம்தான். ஆனால் எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்த நிறுத்தம் இதுதான்.

1840களில் மலபார் கலெக்டராக இருந்தவர் கனோலி. தேக்கு தீர்ந்துகொண்டே வருவதைப் பார்த்து, நட்டு வளர்க்கலாம் என்று முடிவெடுத்தார். கோயில் நிலங்களைக் குத்தகைக்கு எடுத்தார்.  முதலில் விதை முளைக்கவே இல்லை. தேக்கு விதையின் ஓடு கல் மாதிரி. அதை முளைக்க வைத்து, நாற்றங்காலில் வளர்த்து, மழைக்காலத்தில் எடுத்து நட்டுக் காட்டியவர் சாத்து மேனன். 1862-ல் ஓய்வு பெறும் வரை லட்சக்கணக்கில் நட்டார். 1846-ல் நட்டதில் மிஞ்சியிருக்கும் 5.7 ஏக்கர்தான் இன்றைய 'கனோலி பிளாட்'. சாலியாற்றைக் கடந்து போக வேண்டும். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் மற்றதெல்லாம் வெட்டுப்பட, 1943-ல் இந்தத் துண்டை மட்டும் நினைவாக விட்டுவைத்தார்கள். ஊருக்குப் பக்கத்தில் 1995-ல் திறந்த தேக்கு அருங்காட்சியகமும் இருக்கிறது. ஆண்டு வளையம், வைரம், வெளிமரம் எல்லாவற்றையும் அங்கே நிதானமாகப் பார்க்கலாம்.

இங்கேதான் என் காமர்ஸ் மூளை வேலை செய்தது. தேக்குத் தோட்டம் வெட்டுக்கு வர 50, 60 வருஷம் ஆகும். 6 சதவீதக் கூட்டு வட்டியில் பணம் 12 வருஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அறுபது வருஷத்தில் ஐந்து முறை இரட்டிப்பு. அதாவது இன்று ஒரு ரூபாய் போட்டு நட்டால் அன்று 32 ரூபாய் வந்தால்தான் வங்கியில் போட்ட பணத்துக்குச் சமம். அதுவும் நட்டவன் உயிரோடு இருந்தால்! எந்த வியாபாரி இதற்கு ஒத்துக்கொள்வான்? ஏற்கெனவே நிற்கும் காட்டை வெட்டுவது அவனுக்கு இலவசம். காட்டை வெட்டினவர்கள் முதலையே எடுத்துச் சாப்பிட்டு, அதற்கு லாபம் என்று பெயர் வைத்தார்கள். சாத்து மேனன் போட்ட முதலின் பலன் அவர் கைக்கு வரவே இல்லை. 1846-ல் நட்ட மரம் அறுபதைத் தொடும்போது வருஷம் 1906.

நான்காம் நாள்: கல்லாயி, பேப்பூர்

நிலம்பூரிலிருந்து எடவண்ணா, அரீக்கோடு வழியாகச் சாலியாற்றைத் தொட்டும் விட்டும் போகலாம். ஒரு காலத்தில் இந்த ஆறுதான் மரத்தின் சாலை. பச்சைத் தேக்கு தானாக மிதக்காது. காயவிட்டோ, மூங்கிலோடு சேர்த்துக் கட்டியோதான் விட வேண்டும். அப்படி மிதந்து வந்த கட்டைகள் கோழிக்கோட்டுக்குப் பக்கத்திலுள்ள கல்லாயியில் குவிந்தன. உலகின் பெரிய மரச் சந்தைகளில் ஒன்றாக அது பேர்பெற்றிருந்தது. இப்போது அந்தப் பழைய பரபரப்பு இல்லை. அறுவை மில்களும் மரவாடிகளும் கொஞ்சம் மிச்சம்.

சாலியாறு கடலில் சேரும் இடம் பேப்பூர். இங்கே 'உரு' என்கிற மரக்கப்பல்களைக் கட்டுகிறார்கள். அரபு நாடுகளிலிருந்து ஆர்டர் வரும். ஆச்சரியம் என்னவென்றால், பரம்பரையாக வந்த முறையில் காகிதத்தில் வரைபடமே கிடையாது. மூத்த மேஸ்திரியின் மனக்கணக்குதான் பிளான். அந்தக் காலத்தில் ஆணி இல்லாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்தார்கள். கட்டி முடித்த உருவைக் கயிறும் கப்பியும் வைத்துப் பாட்டுப் பாடிக்கொண்டே தண்ணீரில் இறக்குகிறவர்கள் கலாசிகள். 1988-ல் பெருமண் ரயில் விபத்தில் அஷ்டமுடிக் காயலில் விழுந்த பெட்டிகளைத் தூக்கவும் இவர்களைத்தான் கூப்பிட்டார்கள்.

கணக்கு முடிக்கும்போது

கனோலிக்கு ஒரு பிளாட், ஒரு கால்வாய். உட்டுக்கு ஒரு கல்லறை. சாத்து மேனன் பெயரும் எப்படியோ தப்பித்தது. ஆனால் யானை ஓட்டிய மலசர், ஆற்றில் கட்டையோடு நீந்தியவர், உருவை இழுத்த கலாசி என்று ஒருவர் பெயரும் எந்தக் கல்லிலும் நான் படித்த வரையில் இல்லை. அவர்கள் பெயர் இல்லாமல் இந்தக் கணக்கை டேலி செய்ய முடியாது.

இன்று நம் ஊர் மரக்கடையில் தேக்கு என்று கேட்டால் ஆப்பிரிக்காவிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் வந்த கட்டையையும் காட்டுகிறார்கள். நம் மலையில் நடந்தது அங்கே எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ! கன அடி என்ன விலை என்று கேட்கும்போது, எந்த ஊர்க் காடு, நட்டதா தானாக வளர்ந்ததா என்றும் கேட்டுப் பார்க்கலாம். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை, பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும்.

கிளம்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கடும் மழைக்காலம் வேண்டாம். கோடையில் காட்டுத்தீ பயத்தால் டாப்ஸ்லிப்பை மூடிவிடுவதும் உண்டு. அதனால் மழை விட்டபின் வரும் மாதங்களே நல்லது. பரம்பிக்குளத்தில் வனத்துறையின் ஏற்பாட்டில், வழிகாட்டியோடுதான் சுற்ற முடியும், முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். கனோலி பிளாட் திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். காட்டிலிருந்து ஒரு குச்சி கூட எடுத்து வராதீர்கள், மரவேலைக்காரர்களுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த வழியில் நான் விட்டுவிட்ட மரம் சம்பந்தப்பட்ட இடம் ஏதாவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். ஐந்தாவது நாளையும் சேர்த்துவிடலாம்.