எந்திரத்துக்கா, மின்சாரத்துக்கா? தமிழகக் காற்றாலைகளும் அரசின் நிதி ஆதரவும்

தமிழகக் காற்றாலைகளின் வளர்ச்சியை ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது. வருமான வரிச் சட்டத்தையும் உடன்வைத்துப் படிக்க வேண்டும். எந்திரத்தை நிறுவியதற்காக அரசு பணம் தந்ததா, மின்சாரம் கிடைத்ததற்காகத் தந்ததா என்பதைப் பொறுத்தே எங்கே, எவ்வளவு, யாரால் காற்றாலை நிறுவப்பட்டது என்பது அமைந்தது.

தொடக்கம் அரசின் நேரடி முதலீடுதான். 1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் ஒரு முன்னோடிக் காற்றாலைப் பண்ணை அமைந்தது. 1987இல் மரபுசாரா எரிசக்திக்குக் கடன் கொடுப்பதற்கென்றே ‘இரெடா’ நிறுவனத்தை மத்திய அரசு தொடங்கியது. டென்மார்க்கின் உதவியுடன் கயத்தாறு, முப்பந்தல் பகுதிகளில் அடுத்த பண்ணைகள் எழுந்தன. இவை காற்று போதுமானது என்பதை மெய்ப்பித்தன. தனியார் பணம் வருவதற்கு அது மட்டும் போதவில்லை.

அந்தப் பணத்தைக் கொண்டுவந்தது 1990களின் தேய்மானச் சலுகை. காற்றாலையின் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள முடிந்தது. 1994-95இல் நிறுவன வரி கூடுதல் வரியோடு சேர்த்து 46 சதவீதம். ஒரு மில் 4 கோடி ரூபாய்க்குக் காற்றாலை வாங்கியது என்று வைத்துக்கொள்வோம். லாபம் போதுமான அளவு இருந்தால், அந்த ஆண்டே 1.84 கோடி ரூபாய் வரி மிச்சம். எந்திரம் எத்தனை யூனிட் தந்தது என்ற கேள்வி இந்தக் கணக்கில் வருவதே இல்லை. ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடினால் பாதித் தேய்மானம்தான் என்பது விதி. ஆகவே செப்டம்பர் முடிவதற்குள் எந்திரத்தை ஓடவிட முதலீட்டாளர்கள் விரைந்தார்கள். தவறவிட்டவர்களுக்கு மார்ச் 31 அடுத்த கெடு. காற்று சீசனோ மே முதல் செப்டம்பர் வரை. சீசன் முடியும் தறுவாயில் ஓடத் தொடங்கிய எந்திரத்துக்கும் முழுச் சலுகை கிடைத்தது. சலுகையின் அடிப்படைக் குறை இதுவே என்பது என் கருத்து.

ஆனால் தமிழகத்தில் அக்குறையை ஓரளவு ஈடுசெய்தது ‘பேங்கிங்’. சீசனில் உற்பத்தியான மின்சாரத்தை மின்வாரியத்தின் கணக்கில் வரவு வைத்துவிட்டு, காற்றில்லாத மாதங்களில் மில்லுக்கு எடுத்துக்கொள்ளலாம். நூற்பாலைக்காரருக்கு மின்கட்டணம் பெருஞ்செலவு. அதனால் எந்திரம் நன்றாக ஓட வேண்டும் என்ற அக்கறை அவருக்கு இருந்தது. வரிக்காக மட்டுமே வாங்கியவருக்கு அந்த அக்கறைக்குக் காரணம் குறைவு. அதே நேரம், காற்று மிகுந்த மாதத்தில் வாங்கி, மின்தட்டுப்பாட்டு மாதத்தில் திருப்பித் தரும் சுமை வாரியத்தின் மேல் விழுந்தது. வரவுசெலவுத் திட்டத்தில் தென்படாத மானியம் இது.

1996இல் குறைந்தபட்ச மாற்று வரி வந்தது. தேய்மானத்தைக் காட்டி வரியே கட்டாமல் இருந்த நிறுவனங்களும் கட்ட நேர்ந்தது. மறு ஆண்டு நிறுவன வரியும் 35 சதவீதமாகக் குறைந்தது. வரி குறைந்தால் வரிச்சலுகையின் மதிப்பும் குறையும். புதிய காற்றாலைகள் சட்டென்று அருகின. ஜெர்மனியோ எந்திரத்துக்கு அன்றி மின்சாரத்துக்கே பணம் தரும் வழியில் சென்றது: 1991 முதல் மின்கட்டமைப்புக்கு வந்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் சட்டப்படி விலை கொடுத்தது. 2000ஆம் ஆண்டின் சட்டம் அந்த விலைக்கு 20 ஆண்டு உறுதி தந்தது.

இந்தியா அந்த வழிக்கு 2009இல்தான் வந்தது. தேய்மானச் சலுகை வேண்டாம் என்பவருக்கு யூனிட்டுக்கு 50 காசு உற்பத்தி ஊக்கத்தொகை. மெகாவாட்டுக்கு 62 லட்சம் ரூபாய் உச்சவரம்பு. 2012 மார்ச்சோடு இதுவும், அதற்குள் 80 சதவீதமாகக் குறைந்திருந்த தேய்மானச் சலுகையும் ஒருசேர நின்றன. 2011-12இல் நாடு முழுவதும் சுமார் 3,200 மெகாவாட் நிறுவப்பட்டது. மறு ஆண்டு ஏறத்தாழ 1,700. 2013இல் ஊக்கத்தொகையும் 2014இல் தேய்மானமும் திரும்பி வந்தன. இப்படி நிறுத்துவதும் தருவதும் சலுகை குறைவதைவிடக் கேடு. கடன் வாங்கித் தொழிற்சாலை கட்டுபவர் மூன்றாண்டுக்கு முன்பே விலையை அறிந்தாக வேண்டும்.

குறைந்த விலை கேட்பவரிடம் காற்றாலை மின்சாரம் வாங்குவதற்காக 2017 பிப்ரவரியில் நடந்த முதல் மத்திய ஏலத்தில் யூனிட் விலை 3.46 ரூபாய்க்கு இறங்கியது. அதே ஆண்டு தேய்மானம் 40 சதவீதமானது, ஊக்கத்தொகை முடிவுற்றது. விலை குறைந்தது நுகர்வோருக்கு நன்மை. எனினும் பெரும் திட்டங்களுக்கான அந்த ஏலத்தில் ஒன்றிரண்டு எந்திரம் வைத்திருக்கும் மில்லுக்காரருக்கு இடமில்லை.

1990களின் சிறு எந்திரங்கள் இன்றும் மிக நல்ல காற்றுள்ள இடங்களில் நிற்கின்றன. 20 ஆண்டு கடந்தவற்றை மாற்றவும் புதுப்பிக்கவும் தமிழக அரசு 2024இல் கொள்கை வெளியிட்டது. பழைய எந்திரத்தின் முதல் எப்போதோ மீண்டுவிட்டது. பேங்கிங் உரிமையோ இன்றும் பணம் ஈட்டித் தருகிறது. அந்த உரிமை புதிய எந்திரத்துக்கும் தொடருமா என்பதைப் பார்த்தே உரிமையாளர் பழையதைக் கழற்றுவார்.