ஈரம் காயுமுன்

ஒகேனக்கல்லுக்குப் போகிறவர்களின் கண்ணெல்லாம் தண்ணீர் மேலேயே இருக்கும். அதில் தப்பில்லை. பாறை புகைகிறாற்போல் நீர்த்துளி எழும்புவதைக் கண்டுதானே, கன்னடத்தில் 'புகையும் கல்' என்று பொருள் படும்படி அந்த இடத்துக்குப் பெயர் வைத்தார்கள்! எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்பதும், வறுத்த மீனைச் சுடச்சுடத் தின்பதும், பரிசலில் ஏறிக்கொண்டு "ஐயோ, அப்பா!" என்று அலறுவதுமாக ஒரு பகல் போய்விடும். ஆனால் பென்னாகரத்தைத் தாண்டி மலைப்பாதையில் இறங்குவதற்கு முன்னால், சாலைக்கு இரண்டு பக்கமும் இருக்கிற கொல்லைகளை யாராவது நிமிர்ந்து பார்க்கிறார்களா என்றால், சந்தேகந்தான். செம்மண்; மண்ணுக்குள் கல்; கல்லுக்கு நடுவே கேழ்வரகு, சாமை, நிலக்கடலை, அவரை; இடையிடையே மாந்தோப்பு. காவேரி கீழே ஓடுகிறது. நிலம் மேலே கிடக்கிறது. கீழே இரைச்சலிடுகிற தண்ணீர் மேட்டூருக்கும் தஞ்சாவூருக்கும் போகிறதே தவிர, மேலே இருக்கிற குடியானவனுக்குப் பார்வைக்கு மட்டுந்தான் சொந்தம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் நடைமுறைக்கு வந்து, குடிக்கிற தண்ணீர் மேலே ஏறியது. உழவுக்கு இன்றைக்கும் வானமும் கிணறுமே கதி.

இந்த மேட்டு நிலத்தில் ஒரு குடியானவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சொந்தத்தில் நாலு ஏக்கர், குத்தகையில் இரண்டு. பதினெட்டுக் குதிரைச் சக்தியுள்ள மினி டிராக்டர் ஒன்று வாங்கி, கடனையும் ஒருவாறு அடைத்துவிட்டார். இப்போது அவருக்கு மனசு கேட்கவில்லை. இருபத்தெட்டாக மாற்றிவிடலாமா, துணிந்து நாற்பத்தைந்துக்கே போய்விடலாமா என்று தூக்கம் பிடிக்காமல் புரள்கிறார். சின்ன விஷயம் என்று நீங்கள் நினைக்கலாம். பெண்ணுக்கு வரன் பார்ப்பதற்கு அடுத்தபடி அந்த வீட்டில் இவ்வளவு நீளமாகப் பேசப்படும் விஷயம் வேறொன்றும் இல்லை. தப்பாகத் தீர்மானித்தால் நிலத்தின் பத்திரம் பாங்கியை விட்டு வெளியே வராது.

கேள்வி புதிதல்ல; மிகவும் பழையது. சங்கப் புலவர்களில் ஒருவருடைய சொந்தப் பெயர் என்னவென்றே நமக்குத் தெரியாது. குறுந்தொகையில் அவர் பாடிய பாட்டில் வருகிற உவமையை வைத்து 'ஓரேருழவனார்' என்று பெயர் சூட்டிவிட்டார்கள். தலைவியிடம் விரையத் துடிக்கும் தலைவனின் நெஞ்சுக்கு அவர் சொன்ன உவமை இது: நிலம் நன்றாக நனைந்து பக்குவமாகக் கிடக்கிறது; உழுகிறவனிடமோ ஒரே ஒரு ஏர். ஈரம் காய்வதற்குள் முடிக்கவேண்டுமே என்று அவன் படுகிற பதைப்பு! இதைப் பாடினவர் வரப்பு மேல் நின்று வேடிக்கை பார்த்தவராக இருக்க முடியாது என்பது என் துணிபு. மானாவாரி விவசாயத்தின் முழுக் கஷ்டத்தையும் அவர் ஒரே உவமையில் அடக்கிவிட்டார். ஏர் எத்தனை வேண்டும் என்பதை ஏக்கர் தீர்மானிப்பதில்லை. மழை விட்டபின் மண் எத்தனை நாள் பதமாக இருக்கும் என்பதுதான் தீர்மானிக்கிறது. பென்னாகரத்துச் செம்மண்ணில் அது மூன்று நாள், மிஞ்சினால் நாலு நாள்.

அந்த மூன்று நாளைச் சமாளிக்க அந்தப் பிரதேசம் கண்டுபிடித்த யந்திரத்துக்கு நாலு கால், இரண்டு கொம்பு. ஆலம்பாடி மாடு என்று பெயர். ஒகேனக்கல்லுக்கு எதிரே ஆற்றுக்கு அக்கரையில், கொள்ளேகால் பக்கத்தில், ஆலம்பாடி என்ற ஊர் இருக்கிறது. (கொள்ளேகால் தாலுகா 1956 வரையில் நம் கோயமுத்தூர் ஜில்லாவில்தான் இருந்தது, ராஜ்யங்களைத் திருத்தி அமைத்தபோது மைசூருக்குப் போயிற்று. மாட்டுக்கு அந்தச் சமாசாரம் தெரியாது. இரு கரையிலும் மேய்ந்தது.) கருஞ்சாம்பல் நிறம், முன்தள்ளிய நெற்றி, பின்னோக்கி வளைந்த கொம்பு. பால் கொஞ்சந்தான், உழைப்போ அபாரம். காட்டில் பட்டி போட்டு வளர்த்த மாடாகையால் அரைகுறைத் தீனியிலும் கல்லுக்கரட்டில் சளைக்காமல் நடக்கும். ஒரு ஜோடி வைத்திருந்தவன் இரண்டாவது ஜோடி பிடிக்கலாமா என்று யோசித்ததும், நம்முடைய குடியானவர் இன்று யோசிப்பதும் ஒரே யோசனைதான். ஒரு வித்தியாசம் உண்டு. மாடு உழவில்லாத நாளிலும் வைக்கோல் கேட்கும். டிராக்டர் உழவில்லாத நாளில் வட்டி கேட்கும்.

இந்த மாட்டை விரட்டியது டிராக்டர் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் பூரண சம்மதம் இல்லை. உழவு வருஷத்தில் சில வாரங்கள்; மாட்டுக்கு வருஷம் முழுவதும் வேலை கொடுத்தது கவலை. தோல்சாலைக் கிணற்றில் இறக்கி, சரிவில் மாட்டை ஓட்டி இறைத்தார்கள். 1950-களிலும் 60-களிலும் கிராமங்களுக்கு மின்சாரம் வந்து கிணற்றுக்குக் கிணறு பம்புசெட்டு வைத்தார்களே, அன்றைக்கே ஜோடி மாட்டின் பாதிச் சம்பளம் போய்விட்டது. காட்டில் மேய்ச்சலுக்குக் கட்டுப்பாடு வந்ததும் மீதியும் ஆட்டம் கண்டது. டிராக்டர் வந்தபோது மாடு ஏற்கெனவே பாதி வெளியேறி நின்றது. காந்தியப் பொருளாதாரம் பேசிய ஜே. ஸி. குமரப்பா போன்றவர்கள், 'டிராக்டர் சாணி போடுமா?' என்று கேட்டார்கள். சாணி மட்டுமா? மாடு செத்த பிறகு அதன் தோல் கவலைச் சாலாயிற்று. ஒகேனக்கல் பரிசலுக்கு மேலுறையும் ஆயிற்று. இன்றைக்குப் பரிசலின் அடியில் பிளாஸ்டிக் தாளும் தாரும் பூசியிருக்கிறார்கள். டிராக்டர் செத்தால் இரும்புக்கடைக்காரர் எடை போட்டு எடுத்துக்கொண்டு போவார், அவ்வளவுதான்.

இனி யந்திரத்தின் கதைக்கு வருவோம். நம் ராஜதானியில் அது பெரிய அளவிலேயே ஆரம்பித்தது, அதுதான் வேடிக்கை. 1860-களில் சென்னை கவர்னராக இருந்த ஸர் வில்லியம் டெனிசன் இங்கிலீஷ் விவசாயத்தில் நம்பிக்கையுள்ளவர். நீராவிக் கலப்பை முதலான யந்திரங்களைச் சீமையிலிருந்து தருவித்துப் பரீட்சை பார்க்கச் சைதாப்பேட்டையில் ஒரு பண்ணை ஏற்பட்டது. நீராவிக் கலப்பை என்றால், வயலோரத்தில் எஞ்சினை நிறுத்திக் கம்பி வடத்தால் கலப்பையை இழுப்பது. கால் காணி, அரைக் காணியாக வரப்புக் கட்டி உழுகிற தேசத்தில் அந்த வடத்தை எங்கே நீட்டுவது? பண்ணை நாளடைவில் விவசாயப் பள்ளிக்கூடமாகி, அதிலிருந்து கோயமுத்தூர்க் கல்லூரி பிறந்தது. அந்த வகையில் நல்லதுதான். கலப்பை மட்டும் ஊருக்குள் வரவில்லை.

பிறகு 1889-ல், நம் விவசாயத்தைச் சீர்திருத்துவது எப்படி என்று பார்க்க டாக்டர் வோல்க்கர் என்ற ரசாயன நிபுணரை லண்டனிலிருந்து அனுப்பினார்கள். ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்து அவர் எழுதிய அறிக்கை 1893-ல் அச்சாயிற்று. நாட்டுக் கலப்பையைக் கேலி செய்வார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். இந்த லேசான கலப்பை இந்த மாட்டின் பலத்துக்கும் இந்த மண்ணின் ஈரத்துக்கும் ஏற்றதுதான். ஆழமாகக் கிளறினால் ஈரம் பறந்துபோகவும் கூடும் என்ற பாங்கில் அவர் எழுதினார். சீமைக்காரர் ஒருவர் இப்படி ஒப்புக்கொண்டது பெரிய காரியம்.

சின்ன யந்திரத்துக்கு உண்மையான பெருமை தேடித் தந்தவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குஸன். முதல் உலக யுத்த காலத்தில் வந்த டிராக்டர்களெல்லாம் மாட்டுக்குப் பதிலாக எஞ்சினை நிறுத்தினவைதான். கலப்பை பின்னால் சங்கிலியில் கட்டினாற்போல் வரும். மண்ணுக்குள் பாறையில் கொழு மாட்டிக்கொண்டால் முன்சக்கரம் அந்தரத்தில் எழும்பி, வண்டி ஓட்டுகிறவர் மேலேயே மல்லாந்துவிடும். இதற்குப் பயந்து கம்பெனிக்காரர்கள் வண்டியின் எடையைக் கூட்டினார்கள். பெர்குஸன் எதிர்த் திசையில் யோசித்தார். கலப்பையை மூன்று இடத்தில் பிடித்து டிராக்டரோடு ஒட்டவைத்து, எண்ணெய் அழுத்தத்தால் ஏற்றி இறக்கும்படி செய்தார். மண் கலப்பையை எதிர்க்கிற விசையே பின்சக்கரத்தை நிலத்தில் அழுத்தும். வண்டி லேசாக இருந்தாலும் பிடி நழுவாது. கல் நிறைந்த பென்னாகரத்து நிலத்தை நினைத்துக்கொண்டே செய்தாரோ என்று தோன்றும்! 1938-ல் ஹென்றி போர்டும் அவரும் கையெழுத்தில்லாமல் கைகுலுக்கி ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்; போர்டின் பேரன் காலத்தில் அது முறிந்து, வழக்காகி, 1952-ல் 92½ லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு பெர்குஸன் சமாதானமானார். அது தனிக் கதை. அவருடைய சின்ன டிராக்டர் மூன்றை ஓட்டிக்கொண்டுதான் எவரெஸ்ட் வீரர் ஹில்லாரி 1958 ஜனவரியில் தென் துருவத்தை அடைந்தார் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். குதிரைச் சக்தி முப்பதைத் தொடாத வண்டி அது.

அந்தப் பெர்குஸன் வம்சந்தான் நம் ஊருக்கும் வந்தது. 1959-ல் வடக்கே பரீதாபாத்தில் ஐஷர் கம்பெனியார் முதலில் டிராக்டர் பூட்டினார்கள். அடுத்த வருஷம் சென்னையில் மாஸி-பெர்குஸன் கூட்டோடு 'டாபே' ஏற்பட்டது. 1961-62-ல் தேசம் முழுவதிலுமாக உற்பத்தியான டிராக்டர் 880. அப்புறம் 1965-ல் துர்க்காபூர் ஆராய்ச்சிசாலையில் நம் எஞ்சினியர்கள், அந்நிய உதவி இல்லாமல், 20 குதிரைச் சக்தியில் ஒரு டிராக்டர் வரைந்தார்கள். சிறு விவசாயிக்குச் சிறு வண்டி என்பது அவர்கள் எண்ணம். அதுதான் 1974-ல் பஞ்சாபில் 'ஸ்வராஜ்' என்று வெளிவந்தது. சில வருஷங்களுக்குள் அதே கம்பெனி பெரிய வண்டியும் செய்யவேண்டியதாயிற்று. வாங்குகிறவர்கள் அதைத்தான் கேட்டார்கள்.

அங்கேதான் விசித்திரம். 1970-71-ல் தமிழ்நாட்டில் சராசரிச் சாகுபடி நிலம் ஒருவருக்கு 1.45 ஹெக்டேர். 2015-16-ல் அது 0.75 ஹெக்டேர்; இரண்டு ஏக்கருக்கும் குறைவு. நிலம் பாதியாயிற்று. டிராக்டரோ வளர்ந்துகொண்டே போய், இன்று தேசத்தில் அதிகமாக விற்பனையாவது நாற்பது, ஐம்பது குதிரைச் சக்தி வண்டிதான். இது பைத்தியக்காரத்தனம் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி இல்லை. வாங்குகிறவர் தம் நிலத்துக்காக வாங்கவில்லை. ஊராருடைய நிலத்துக்காக வாங்குகிறார். வாடகை உழவு, செங்கல், ஜல்லி, மாங்காய், கல்யாணத்துக்கு ஜனங்கள் எல்லாம் அந்த டிரெய்லரில்தான். வருஷத்துக்கு ஆயிரம் மணி நேரமாவது ஓடாத டிராக்டர் கட்டுப்படியாகாது என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். ஆறு ஏக்கரை எத்தனை தடவை உழுதாலும் ஆயிரம் மணி ஆகாது.

நம் குடியானவரின் கணக்கைப் பார்ப்போம். அவருடைய சின்ன வண்டியில் ஐந்து கொழுக் கலப்பை; ஏக்கருக்கு ஏறக்குறைய இரண்டு மணி. ஆறு ஏக்கருக்குப் பன்னிரண்டு மணி. அதாவது இரண்டு நாள். ஈரம் இருப்பதோ மூன்று நாள். ஓரேர் உழவனின் அவசரம் இவருக்கு இல்லை. நாற்பத்தைந்து வந்தால் ஒன்பது கொழு. ஒரே நாளில் முடியும். மிச்சம் இரண்டு நாளில் அவர் என்ன செய்வார்? பக்கத்துக் கொல்லைக்குப் போவார். அப்படிப் போனால்தான் தவணை கட்ட முடியும். ஆனால் எல்லோருக்கும் அதே மூன்று நாள்தானே ஈரம்? பத்து ஏக்கர்க்காரர் ஒருவர் காலையிலேயே வந்து வாசலில் நின்றால், சொந்தக் கொல்லையைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பவும் நேரும். உழவராக இருந்தவர் வாடகை வண்டிக்காரராகிவிடுகிறார். அதில் இழிவு ஒன்றுமில்லை, நல்ல தொழில்தான். ஆனால் தொழில் மாறுகிறது என்று தெரிந்து மாறவேண்டும் அல்லவா?

வண்டியே இல்லாதவனுடைய பாடுதான் இதில் மிகவும் சங்கடம். வாடகை வண்டி பெரிய கொல்லைகளை முடித்துக்கொண்டு ஒன்றரை ஏக்கர்க்காரனிடம் வரும்போது நாலாம் நாள் சாயங்காலம் ஆகியிருக்கும். மண் கட்டிப்போயிருக்கும். 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது, இரண்டு ஏக்கருக்கு உட்பட்டவர்களுக்கு வாடகையே வாங்காமல் உழுது தர டாபே கம்பெனியார் ஏற்பாடு செய்தார்கள். நல்ல காரியம். ஆனால் சின்னக் கொல்லைக்காரன் முக்கியமாகக் கேட்பது, இன்றைக்கே வருமா என்பதுதான். அந்தத் தெருவில் பதினெட்டுக் குதிரை வண்டி ஒன்று நின்றால், அதைவிடப் பெரிய உபகாரம் அவனுக்கு இல்லை. சின்ன வண்டியை ஒன்றரை ஏக்கருக்குள் திருப்புவதும் சுலபம்.

பெரிய வண்டியின் கட்சியையும் சொல்லவேண்டும். கோடையில் இறுகிக் கிடக்கும் மண்ணைச் சின்ன வண்டி கீறும், பிளக்காது. மலைச்சரிவில் பாரம் ஏற்றிய டிரெய்லரை இழுக்கும்போது மூச்சு வாங்கும். நிலக்கடலையும் கிழங்குமாகப் பயிர் செய்கிறவருக்கு இருபத்தெட்டு, முப்பதுக்குப் போவதில் நியாயம் உண்டு. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியாகப் பார்த்து, பழைய ஐந்து கொழுவே அதற்கும் பொருந்துமா என்று கேட்டுக்கொண்டு வாங்கலாம். நாற்பத்தைந்துதான் எனக்கு ஒட்டவில்லை.

ஆலம்பாடி மாட்டுக்குக் காரிமங்கலம் பக்கத்தில் இப்போது சர்க்கார் ஆராய்ச்சி நிலையம் ஒன்று வைத்திருக்கிறார்கள். எஞ்சியிருப்பவை கொஞ்சந்தான்.

குடியானவரின் தீர்மானத்துக்கு இன்னும் ஒரு தடை இருக்கிறது. அதைக் கம்பெனி ஏஜெண்டு சொல்லமாட்டார். மாந்தோப்புக்குள் சின்ன வண்டி குனிந்துகொண்டு போய்விடும். நாற்பத்தைந்து நுழையவேண்டுமானால் வரிசைக்கு வரிசை தாழ்ந்த கிளைகளை வெட்டவேண்டும். ஏணி இல்லாமல் கைக்கெட்டுகிற காயெல்லாம் அந்தக் கிளைகளில்தான் என்பது வீட்டு அம்மாளுக்குத் தெரியும். அரிவாளை அவள் எங்கே வைத்திருக்கிறாளோ!