காயகதாசதி
காயகதாசதி என்பது உடலின்மீது விழிப்பை நிலைநிறுத்தும் பௌத்தப் பயிற்சி. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் புத்தகோசர் பாலியில் எழுதிய விசுத்திமக்கம் இதனை விரித்துரைக்கிறது. தலைமயிர் தொடங்கிச் சிறுநீர் ஈறாக 32 கூறுகளை வாயால் ஓதி, பின் மனத்துள் ஓதி, நிறம், வடிவம், இடம், எல்லை எனப் பிரித்தறிய வேண்டும். இப்பயிற்சியின் குறி உடல்மீது வெறுப்பு அன்று, ‘என் உடல்’ என்னும் பற்றைத் தளர்த்துவதே.

உடலை இழிவுபடுத்தும் முறை இது என்பாருக்கு ஓரளவு சான்று உண்டு: அருவருப்பாக நோக்குவது இதன் ஒரு வழி, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அதே கூறுகளை வெறும் நிறமாகவும், நிலம், நீர், தீ, காற்று என்னும் பூதங்களாகவும் காணும் வழிகளைப் புத்தகோசரே தருகிறார். புத்தரின் உரையாகிய சதிபட்டான சூத்திரத்தில் உடலை நோக்கும் 14 பயிற்சிகள் மூச்சில் தொடங்கி, நடத்தல், நிற்றல், இருத்தல், கிடத்தல் என நகர்கின்றன. இத்தொடக்கப் பயிற்சிகளில் அருவருப்புக்கு வேலையே இல்லை.