பத்துப் பேர் பட்டியல்

2010 டிசம்பரில் நான் ஒரு பட்டியல் எழுதினேன். மொத்தம் பத்துப் பெயர்கள்தான். ஆனால் எழுதி முடிக்க மூன்று இரவுகள் ஆயின. அந்தப் பத்தில் என் பெயரும் இருந்தது. நியாயமாகப் பார்த்தால் இருந்திருக்கக் கூடாது.

அப்போது வேளச்சேரியில் வீடு. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டின் ஐரோப்பிய சர்வர் ஒன்றில், இருபத்தைந்து பேர் கொண்ட ஒரு கில்டின் ரெய்டுத் தலைவன் நான். அங்கே இரவு எட்டு மணி என்றால், குளிர்காலத்தில் நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. மைக்கில் கிசுகிசுவென்று கத்துவது எப்படி என்று அந்த இரண்டு வருடத்தில் கற்றுக்கொண்டேன். அம்மா ஒருநாள் கதவைத் திறந்து, "நடுராத்திரில யாருகூடடா இங்கிலீஷ்ல சண்டை போடுற?" என்று கேட்டார். "சண்டை இல்லம்மா, மீட்டிங்" என்றேன். யோசித்துப் பார்த்தால் அது பொய்யே இல்லை.

கில்ட் என்பது ஒரு சங்கம். ரெய்டு என்பது அந்தச் சங்கம் சேர்ந்து போகும் படையெடுப்பு. டேங்க் அடி வாங்குவார், ஹீலர் உயிரூட்டுவார், மற்றவர்கள் அடிப்பார்கள். எதிரே ஒரு பெரிய பாஸ். ஒருவர் தப்பான இடத்தில் நின்றாலும் மொத்தப் பேரும் சாவார்கள். மறுபடியும் முதலிலிருந்து. இதைத்தான் வைப் என்போம். லிச் கிங்கை வீழ்த்துவதற்கு முன் எங்கள் கில்ட் நூற்று நாற்பது தடவைக்கு மேல் வைப் ஆனது.

சும்மா கேம்தானே, இதில் வரலாறு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். முகம் தெரியாத நாற்பது பேர், சம்பளமே இல்லாமல், ஒருவர் சொல்வதை ஏன் கேட்டார்கள் என்பதன் வரலாறு இது. எனக்கு அது வரலாறுதான்.

*

1978இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா எழுதத் தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' என்ற விளையாட்டிலேயே பலர் ஒரே உலகத்துக்குள் உலவினார்கள். படம் கிடையாது, எல்லாம் எழுத்து. ஆனால் நாற்பது ஐம்பது பேர் திட்டம் போட்டு ஒரு டிராகனைக் கொல்லப் போவது வழக்கமாக வேரூன்றியது, 1999 மார்ச் 16 அன்று வெளிவந்த எவர்க்வெஸ்டில்தான்.

அந்த உலகத்தின் பெயர் நாரத். அதில் நாகஃபென், வாக்ஸ் என்று இரண்டு டிராகன்கள். ஒரு சர்வருக்கு ஒரே ஒரு நாகஃபென்தான். ஒரு கில்ட் அதைக் கொன்றுவிட்டால், மறுபடி பிறக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதுவரை மற்ற கில்டுகள் காத்திருக்க வேண்டியதுதான். அதனால் நள்ளிரவில் வீட்டுக்கு போன் போட்டு, "வந்துடுச்சு, எழுந்து வா" என்று ஆளைக் கூப்பிடும் பழக்கம் தொடங்கியது. செத்தால் இன்னும் மோசம். உங்கள் கவசம், வாள் எல்லாம் பிணத்தோடு அங்கேயே கிடக்கும். வெறுங்கையோடு திரும்பிப் போய் எடுத்து வர வேண்டும். ஒருவரின் கவனக்குறைவுக்கு எல்லோரும் விடியும்வரை விலை கொடுப்பார்கள்.

ஒரு குழுவில் ஆறு பேருக்கு மேல் சேர முடியாது. அதற்கு மேல் ஆள் திரட்டி ஒழுங்குபடுத்த ஆரம்பத்தில் விளையாட்டுக்குள் எந்த வசதியும் இல்லை. தலைவர் என்ற பதவியை நிறுவனம் உருவாக்கவில்லை, தேவை உருவாக்கியது. யாராவது ஒருவர் எல்லாருடைய பெயரையும் ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டியிருந்தது. அப்படி எழுதியவர்தான் தலைவர்.

அடுத்து வந்தது பங்கு பிரிக்கும் பிரச்சினை. ஐம்பது பேர் சேர்ந்து கொன்ற டிராகனிடம் நாலைந்து பொருள்தான் இருக்கும். யாருக்குக் கொடுப்பது? 1999இல் ஆஃப்டர்லைஃப் என்ற கில்டில், தாட் என்ற பெயரில் ஆடியவர் ஒரு வழி கண்டுபிடித்தார். வந்து உழைத்த ஒவ்வொருவருக்கும் புள்ளி. பொருள் வேண்டுமென்றால் புள்ளியைக் கொடுத்து வாங்கிக்கொள். டிராகன் கில் பாயின்ட்ஸ், சுருக்கமாக டிகேபி. பிறகு வந்த விளையாட்டுகளில் டிராகன் இருந்ததோ இல்லையோ, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

யோசித்தால் இது ஒரு நாணயம்தான். விளையாட்டின் விதிகளில் அது இல்லை, சட்டம் அதை அங்கீகரிக்கவில்லை. ஒருவர் பராமரிக்கும் கணக்கின் மேல் மற்றவர்கள் வைக்கும் நம்பிக்கை மட்டுமே அதன் மதிப்பு. நிஜ நாணயத்துக்கு வரும் நோய்களெல்லாம் இதற்கும் வந்தன. பழைய ஆட்கள் புள்ளியைப் பதுக்கினார்கள். புதியவர்கள் எவ்வளவு உழைத்தாலும் எட்டிப் பிடிக்க முடியவில்லை. சேமிப்பை வாராவாரம் கொஞ்சம் குறைக்கும் விதியைச் சில கில்டுகள் கொண்டுவந்தன. வேறு சில புள்ளியையே ஒழித்துவிட்டு, மூத்தவர்கள் கூடி முடிவெடுக்கும் லூட் கவுன்சிலுக்கு மாறின. அதில் உடனே "உங்க ஆளுக்கே கொடுத்துக்கிறீங்க" என்ற குற்றச்சாட்டு வந்தது. பொருளாதார அறிஞர் எட்வர்ட் காஸ்ட்ரனோவாவும் சட்ட அறிஞர் ஜோஷுவா ஃபேர்ஃபீல்டும் 2007இல் இந்தப் புள்ளிக் கணக்கைப் பற்றி ஓர் ஆய்வறிக்கையே எழுதினார்கள்.

*

எவர்க்வெஸ்ட் கதைகளில் எனக்குப் பிடித்தது கெராஃபிர்ம் கதை. தூங்கிக்கொண்டிருக்கும் டிராகன். நான்கு காவலர்களைக் கொன்றால் விழித்துக்கொள்ளும், கண்ணில் பட்டவர்களையெல்லாம் அழித்துவிட்டுப் போய்விடும். ஒரு சர்வரில் ஒரே ஒருமுறைதான் இது நடக்கும். கொல்ல முடியாதது என்றே எல்லோரும் நம்பினார்கள்.

ராலோஸ் ஜெக் என்ற சர்வரில் ஆட்கள் ஒருவரையொருவர் கொல்ல அனுமதி உண்டு. 2003 நவம்பரில், அங்கே எப்போதும் அடித்துக்கொண்டிருந்த மூன்று பெரிய கில்டுகள் கை கோத்தன. ஏறக்குறைய இருநூறு பேர். சாவார்கள், உயிர் பெறுவார்கள், மறுபடி ஓடுவார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் இப்படியே போனது. டிராகனின் உயிர் கால் பங்குக்குப் பக்கத்தில் வந்தபோது அது திடீரென்று மறைந்துவிட்டது. மறைய வைத்தது நிறுவனம். எதிர்ப்பு கிளம்பியது. நிறுவனம் வருத்தம் தெரிவித்து இன்னொரு வாய்ப்புக் கொடுத்தது. அடுத்த சில நாட்களில் அதே கூட்டம் மறுபடி போய்க் கொன்றது.

டிராகனிடமிருந்து ஒரு பொருள்கூட விழவில்லை. பங்கு போட எதுவுமே இல்லை. இருநூறு பேரும் அதை வெற்றி என்றே கொண்டாடினார்கள். டிகேபி கணக்கில் அடங்காத ஒன்றும் இந்த விளையாட்டில் இருக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த சாட்சி இதுதான்.

*

எவர்க்வெஸ்டில் லெகசி ஆஃப் ஸ்டீல் என்றொரு கில்ட் இருந்தது. அதன் தலைவர் ராப் பார்டோ பிளிஸார்ட் நிறுவனத்தின் வடிவமைப்பாளர். அதே கில்டில் இருந்த ஜெஃப் கேப்லன், விளையாட்டின் குறைகளைக் காரசாரமாக விமர்சித்து எழுதுபவர். 2002இல் அவரும் பிளிஸார்டில் வேலைக்குச் சேர்ந்தார். 2004 நவம்பர் 23 அன்று வெளிவந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டை வடிவமைத்தவர்களில் இருவரும் உண்டு. தூக்கம் கெட்டவர்களே விதி எழுதும் இடத்துக்கு வந்தார்கள்.

அவர்கள் காலத்தில் பெரிய ரெய்டுகளில் டிராகனுக்கான அடிதடி போனது. ஒவ்வொரு கில்டுக்கும் தனித்தனிப் பிரதி, வாரம் ஒருமுறை புதிதாகும். நள்ளிரவு போன் நின்றது. அதற்குப் பதிலாக அட்டவணை வந்தது. மோல்ட்டன் கோர் என்ற எரிமலைக் குகைக்கு நாற்பது பேர் வேண்டும். நாற்பது பேரை ஒரே நேரத்தில் உட்கார வைக்க ஐம்பது அறுபது பேரைக் கையில் வைத்திருக்க வேண்டும். யாருக்குப் பரீட்சை, யாருக்குக் குழந்தை, யார் யாரோடு பேசமாட்டார்கள் எல்லாம் தலைவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கல்யாண வீட்டில் பந்தி கவனிப்பவரின் வேலை மாதிரி. எல்லாம் சரியாக நடந்தால் அவரை யாரும் கவனிக்கமாட்டார்கள்.

2005இல் பரவிய லீராய் ஜென்கின்ஸ் வீடியோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு குழு கணக்குப் போட்டு, பிழைக்கும் வாய்ப்பு 32.33 சதவீதம் என்று தசமப் புள்ளி வரை சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் கத்திக்கொண்டு உள்ளே ஓடுவார். எல்லாரும் சாவார்கள். அது திட்டமிட்டு நடித்தது. எல்லாரும் லீராயைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த வீடியோ கிண்டல் செய்தது திட்டம் போட்டவர்களையும்தான், அதாவது எங்களை. 2008இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழ், இத்தகைய விளையாட்டுகள் தலைமைப் பண்புக்கான சோதனைக்கூடங்கள் என்று கட்டுரை வெளியிட்டபோது நாங்கள் அதைப் பெருமையாக ஆளுக்காள் அனுப்பிக்கொண்டோம். பட்டியலிலிருந்து ஒருவரை நீக்குவதும் தலைமைப் பண்புதான் என்பது அப்போது உறைக்கவில்லை.

*

2007 ஜனவரியில் வந்த பர்னிங் க்ருசேட் பதிப்பு நாற்பதை இருபத்தைந்தாகக் குறைத்தது. நிர்வாகம் சுலபமாகும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு வருடம் சேர்ந்து ஆடிய நாற்பது பேரில் பதினைந்து பேரை என்ன செய்வது? பல கில்டுகள் அங்கேயே உடைந்தன. நான் அதற்குப் பிறகு சேர்ந்தவன். அந்தக் கதைகளைக் கேட்டு, "நல்லவேளை" என்று நினைத்துக்கொண்டேன்.

2010 டிசம்பரில் கேடகிளிசம் பதிப்பு வந்தது. அதற்கு முன் பத்துப் பேர் ரெய்டும் இருபத்தைந்து பேர் ரெய்டும் தனித்தனி. ஒரே வாரத்தில் இரண்டுக்கும் போகலாம், பெரிய ரெய்டில் நல்ல பொருள் கிடைக்கும். புதிய விதிப்படி இரண்டிலும் ஒரே தரமான பொருள், வாரத்துக்கு ஏதாவது ஒன்றுதான். அப்புறம் எதற்கு இருபத்தைந்து பேரைக் கட்டி மேய்க்க வேண்டும்? எங்கள் கில்டில் ஏற்கெனவே இரவுக்குப் பதினெட்டு பேர்தான் தேறினார்கள். பத்துக்கு இறங்குவது என்று முடிவானது. பட்டியல் எழுதும் பொறுப்பு என்னுடையது. முந்தைய தலைவருக்குக் குழந்தை பிறந்து அவர் விலகியபோது, வேறு யாரும் முன்வராததால் எனக்கு வந்த பதவி அது.

என்னிடம் இரண்டு கணக்குகள் இருந்தன. ஒன்று டிகேபி, யார் எத்தனை இரவு வந்தார் என்று சொல்வது. இன்னொன்று, போரில் அடித்த ஒவ்வொரு அடியும் பதிவாகி மறுநாள் காலை எண்ணாக வரும் பதிவேடு.

முதல் கணக்கில் முதலிடத்தில் இருந்தவர் எங்கள் ஹீலர்களில் ஒருவர். நெதர்லாந்துக்காரர், அறுபது வயதைத் தாண்டியவர். இரண்டு வருடத்தில் ஒரு ரெய்டைக்கூடத் தவறவிட்டதில்லை. சண்டைக்கு முன் எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டுப் பலம் பெறும் மீன் விருந்து ஒன்று உண்டு. அதற்கான மீனை வாராவாரம் அவர்தான் தனியாக உட்கார்ந்து பிடித்துச் சமைத்துக்கொண்டு வருவார். யாரும் கேட்டுக்கொண்டதில்லை. சேர்ந்த புதிதில், எங்கே நிற்க வேண்டும் என்று எனக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். ஆனால் இரண்டாவது கணக்கில் அவர் கீழே இருந்தார். கை மெதுவாகிவிட்டது. தரையில் நெருப்பு வந்தால் நகர ஒரு நொடி தாமதமாகும். நொடிக் கணக்கில்தான் அங்கே உயிர்.

அதே இரண்டாவது கணக்கில் அவரைவிடக் கீழே இன்னொருவர் இருந்தார். அது நான். சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்கு என் பிங் 400 மில்லிசெகண்டுக்குக் குறைந்ததே இல்லை. மழை பெய்தால் அதுவும் எகிறும். நெருப்பில் நானும்தான் செத்தேன், அவரைவிட அதிகமாகவே. என் தாமதத்துக்குக் காரணம் கடலடிக் கேபிள், அவருடைய தாமதத்துக்குக் காரணம் வயது. இதில் ஒன்றை மன்னித்து மற்றதைத் தண்டிக்க எந்த நியாயமும் இல்லை. ஆனால் பேனா என் கையில் இருந்தது. "தலைவன் இல்லாம ரெய்டு எப்படி நடக்கும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பட்டியலைப் போட்ட அன்று இரண்டு பேர் கோபமாகத் திட்டினார்கள். நான்கு பேர் சொல்லாமலே வெளியேறினார்கள். அவர் மட்டும், "கடினமான வேலை, நன்றாகச் செய்தாய்" என்று ஒரு வரி எழுதினார். திட்டியிருந்தால் தேவலை. மறுநாள் விளையாட்டுக்குள் இருக்கும் என் தபால் பெட்டியில் ஒரு பார்சல். திறந்தால், ஒரு கட்டு மீன் விருந்து. புதிய பதிப்பில் அந்தச் சாப்பாடு காலாவதி. அதைவிட நல்லதெல்லாம் வந்துவிட்டது. அது அவருக்கும் தெரியும். கையில் மிச்சம் இருந்ததை அனுப்பியிருக்கிறார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் ஆன்லைனில் வரவே இல்லை.

பத்துப் பேர் ரெய்டு நாலு மாதம் ஓடியது. பிறகு எங்கள் கில்ட் கலைந்தது.

*

2011 நவம்பரில் ரெய்டு ஃபைண்டர் வந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் விளையாட்டே இருபத்தைந்து பேரைச் சேர்த்துக் கொடுக்கும். பட்டியல் எழுத ஆள் வேண்டாம். யாரும் யாரையும் நீக்க வேண்டாம், யாருக்கும் யார் பெயரும் தெரியாது. நல்ல ஏற்பாடு என்றே இப்போதும் சொல்வேன். அந்த நெதர்லாந்துக்காரர் அதில் எத்தனை மெதுவாக வேண்டுமானாலும் ஆடியிருக்கலாம். ஆனால் அதில் யாருக்காக மீன் பிடித்திருப்பார்?

2019 ஆகஸ்டில் பிளிஸார்ட் பழைய விளையாட்டை 'கிளாசிக்' என்ற பெயரில் மறுபடி திறந்தது. மோல்ட்டன் கோர், நாற்பது பேர், எல்லாம் திரும்பி வந்தன. 2005இல் மாதக்கணக்கில் ஆட்டங்காட்டிய ரக்னாரோஸ் இந்தமுறை ஒரு வாரத்துக்குள் செத்தது. எப்படி அடிப்பது என்பதை எல்லாரும் பதினைந்து வருடத்தில் கற்றுக்கொண்டுவிட்டோம்.

நானும் போனேன். ஒரு கில்டில் சாதாரண உறுப்பினனாகச் சேர்ந்தேன். தலைமை ஏற்கிறாயா என்று கேட்டபோது மறுத்துவிட்டேன். அங்கே முதலில் செய்த வேலை, ஒரு தூண்டில் வாங்கியதுதான். வியாழக்கிழமைகளில் ரெய்டுக்கு முன் ஒரு மணி நேரம் கரையில் உட்கார்ந்து நாற்பது பேருக்கு மீன் பிடிப்பேன். பிங் எவ்வளவு இருந்தாலும் அந்த வேலைக்குப் பாதகமில்லை.

என் பழைய கணக்கில், பையின் கடைசி அறையில், அந்த மீன் விருந்துக் கட்டு அப்படியே இருக்கிறது. ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை.