அழைப்புப் பதிவுகளில் நேரமுத்திரைத் துல்லியம்

நேரமுத்திரைத் துல்லியம் என்பது, தொலைபேசி அழைப்பொன்றின் நிகழ்வுகளை (மணி அடித்தல், எடுத்தல், துண்டித்தல்) தரவுத்தளத்தில் எவ்வளவு சிறிய கால அலகு வரை பதிவு செய்கிறோம் என்பதைக் குறிக்கும். நொடி, மில்லிநொடி, மைக்ரோநொடி ஆகியன வழக்கிலுள்ள அலகுகள் ஆகும்.

பின்னணி

எஸ்.டி.டி. சாவடிகளின் காலத்தில் கட்டணம் துடிப்புக் கணக்கில் ஏறியது. ஒரு துடிப்பே பல நொடிகள் நீளும். 2009 சூனில் டாட்டா டொகோமோ நொடிக்கு 1 பைசா என்ற கட்டணத்தை இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. ஒரு நொடிக் கட்டணத் திட்டம் ஒன்றையேனும் ஒவ்வொரு நிறுவனமும் வழங்க வேண்டும் என 2012இல் டிராய் ஆணையிட்டது. இதனால் ஒரு நொடிப் பிழையும் காசுக் கணக்கானது.

முழு நொடியால் வரும் பிழை

விருத்தாசலம் (தொலைபேசிக் குறியீடு 04143) பீங்கான் தொழிற்பேட்டையிலிருந்து சென்னைக்குச் செல்லும் அழைப்பொன்றை எடுத்துக்கொள்வோம். அது 10:15:20.600க்கு எடுக்கப்பட்டு 10:15:50.400க்குத் துண்டிக்கப்படுகிறது. உண்மையான பேச்சு நேரம் 29.8 நொடிகள். பின்னத்தை வெட்டிவிட்டால் 20, 50 எனப் பதிவாகி 30 நொடிகள் கிடைக்கும். அண்மை நொடிக்கு முழுமையாக்கினால் 21, 50 எனப் பதிவாகி 29 நொடிகளே கிடைக்கும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. மைஎஸ்கியூஎல் 5.6.4க்கு முந்தைய பதிப்புகள் பின்னத்தை வெட்டின. அப்பதிப்பு முதல் இயல்பாக முழுமையாக்குகின்றன. நிரலில் ஓர் எழுத்தும் மாறாமல், தரவுத்தளத்தை மேம்படுத்தியதாலேயே அழைப்பு நீளம் மாறக்கூடும். புலத்தை டேட்டைம்(3) என அறிவித்தால் மில்லிநொடி காக்கப்படும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் இயல்பாகவே மைக்ரோநொடி வரை சேமிக்கும்.

நிகழ்வுகளின் வரிசை

கட்டணத்தைவிட இதுவே பெரிய சிக்கல் எனலாம். அழைப்பை வேறொருவருக்கு மாற்றும்போது ஒரே நொடிக்குள் பல நிகழ்வுகள் நடக்கின்றன. முழு நொடியில் பதிந்தால் எது முதலில் நடந்தது என்பது மறைந்துவிடும். மில்லிநொடியிலும் இரு நிகழ்வுகள் ஒன்றிப்போகலாம் என்பதால் தொடரெண் ஒன்றையும் சேர்த்துப் பதிவது நன்று. மேலும், நேரத்தை இணைப்பகமே குறிக்க வேண்டும். தரவுத்தளம் வரிசையை எழுதும் நேரத்தைக் குறித்தால் பிணையத் தாமதமும் அதில் கலந்துவிடும்.

கடிகார ஒத்திசைவு

கடிகாரம் 2 நொடி பிந்தியிருந்தால் மைக்ரோநொடிப் பதிவும் தவறே. இந்தியச் சீர்நேரத்தைப் பேணுவது புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அதன் நேர வழங்கிகளுடனோ தேசியத் தகவலியல் மையத்தின் வழங்கிகளுடனோ கணினிகளை ஒத்திசைக்குமாறு 2022 ஏப்ரலில் செர்ட்-இன் பணித்தது. அவற்றோடு ஒத்திசைந்த பிற வழங்கிகளையும் பயன்படுத்தலாம்.