நீதிபீடத்திலிருந்து ஆளுநர் மாளிகைக்கு

சட்டம் பயில விழையும் நம் மாணவ மாணவியர் நீதியரசர் எம். பாத்திமா பீவி அம்மையாரின் வரலாற்றை அறிதல் நலம் என்று கருதுகின்றோம். 1927 ஏப்ரல் 30ஆம் நாள் கேரளத்துப் பத்தனம்திட்டையில் அவர் பிறந்தார். வேதியியலில் பட்டம் பெற்று மேலும் அதனையே பயில எண்ணியவரைத் தந்தையார் மீரா சாகிபு சட்டக் கல்லூரிக்குத் திருப்பினார். அந்நாளில் திருவிதாங்கூரில் நீதிபதியாய் விளங்கிய அன்னா சாண்டி அம்மையாரே அவர் கண்ட முன்மாதிரி.

1950இல் வழக்கறிஞர், 1958இல் முன்சீப், 1974இல் மாவட்ட நீதிபதி, 1983இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதி. படிப்படியாக ஏறியவர் என்பதை நாம் வலியுறுத்தக் காரணம் உண்டு. செல்வாக்கற்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கீழமை நீதிமன்றமே எட்டக்கூடிய வாயில். 1989 அக்டோபர் 6இல் அவர் உச்சநீதிமன்றத்தின் முதற் பெண் நீதிபதியானபோது அம்மன்றம் தோன்றி 39 ஆண்டுகள் கடந்திருந்தன. தாழ்த்தப்பட்டோருள் ஒருவர், நம் தமிழ்நாட்டு ஏ. வரதராஜன், அங்கு அமர்ந்ததும் 1980இல்தான். யாருக்குக் கதவு தாமதித்துத் திறந்தது என்று சொல்லவும் வேண்டுமோ!

அங்கு அவர் இருந்தது இரண்டரை ஆண்டே. எனினும் தாழ்த்தப்பட்டோர், நலிந்தோர் நலச் சங்கமொன்று கர்நாடக அரசை எதிர்த்துத் தொடுத்த வழக்கு நம்மவர் நினைவிற்குரியது. குடிசைப் பகுதியென அறிவித்த நிலத்தில் ஒரு பகுதியை அரசு பின்னர் விலக்கியது. குடியிருப்போரைக் கேளாமல் அவ்வாறு செய்தது இயற்கை நீதிக்கு முரணென அம்மையார் பங்குகொண்ட அமர்வு முடிவு செய்தது.

1997 சனவரியில் தமிழ்நாட்டு ஆளுநரானார். நீதிபதி தம் அறிவுக்குப் பட்டதைத் தீர்ப்பாக்கலாம். ஆளுநர்க்கு அவ்வுரிமை மிகக் குறைவு. இராஜீவ் காந்தி கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற நால்வரின் கருணை மனுக்களை 1999இல் தள்ளினார். அமைச்சரவையின் அறிவுரை பெறவில்லை என்பதால் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. அமைச்சரவையின் பரிந்துரைப்படி நளினியின் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தவரும் 2000இல் அவரே.

2001 மே 14இல் நேர்ந்தது இதற்கு நேர்மாறு. ஊழல் வழக்கில் தண்டிக்கப்பட்டுத் தேர்தலில் நிற்கும் தகுதியிழந்திருந்த ஜெ. ஜெயலலிதாவைப் பெரும்பான்மைக் கட்சி தேர்ந்தது. அம்மையார் முதல்வராகப் பதவியேற்பித்தார். சட்டமன்றப் பெரும்பான்மையைவிட அரசியலமைப்பே மேலானது என்று செப்டம்பர் 21இல் உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு அந்நியமனத்தை நீக்கியது. குடிசைவாசிகளின் வழக்கில் நடைமுறையின் அருமையைக் கண்டவர் ஈரிடத்தும் அதனைத் தவறவிட்டார் என்பதே நம் கருத்து. அவர்பால் நாம் கொண்ட மதிப்பு அதனால் குன்றவில்லை.

அத்தீர்ப்பு வருமுன்னரே, மு. கருணாநிதி கைதானதையொட்டி எழுந்த பிணக்கில் மைய அரசு தம்மைத் திரும்பப்பெற முடிவெடுத்தபோது, அவர் பதவி துறந்திருந்தார். 2023 நவம்பர் 23ஆம் நாள் கொல்லத்தில், 96ஆம் வயதில் மறைந்தார்.